உயிர் போன எழுத்துகள்

நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு உலகெங்கும் முதலில் தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு: ஓர் எளிய வலைப்பதிவைக் கட்டு. தலைப்பு, உள்ளடக்கம், தேதி, எழுதியவர் பெயர். அவ்வளவுதான். 2005இல் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ப்ரேம்வொர்க்கை உருவாக்கியவர், பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பதிவைக் கட்டி முடித்துக் காட்டும் காணொளியை வெளியிட்டார். அன்றிலிருந்து அந்தப் பதினைந்து நிமிடம் இந்தத் துறையின் பெருமைப் பேச்சாகிவிட்டது.

அதே பயிற்சியைத்தான் நாங்கள் மாலை வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். எங்கள் கருவி ஜாங்கோ. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ப்ரேம்வொர்க். அச்சுக்கூடத்தில் எழுத்துப் பெட்டியும் மை உருளையும் அழுத்தும் எந்திரமும் ஏற்கெனவே இருக்குமே, அதுபோல ஒரு தளத்துக்கு வேண்டிய அடிப்படை வேலைகளைச் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுதான் ப்ரேம்வொர்க். என்ன அச்சடிப்பது, யார் அச்சடிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதை நாம் முடிவு செய்யலாம்.

இதைக் கேள்விப்பட்ட இயக்கத் தோழர்கள் சிலர் எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். "ஃபேஸ்புக்கும் யூடியூபும் இலவசமாகக் கிடக்கும்போது எதற்கு இந்த வேலை? ஆணவக்கொலைக்கு நீதி கேட்டுத் தெருவில் நிற்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்களே? அது இன்ஜினியர்கள் வேலை, நம் வேலை இல்லை."

தோழர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனால் இந்தப் பேச்சு தவறு. "அது நம் வேலை இல்லை" என்ற வாக்கியத்தை நம்மிடம் இதுவரை யார் யார் சொன்னார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தாலே அது விளங்கும்.

நம் முன்னோர் அச்சகத்தை அடுத்தவர் வேலை என்று விட்டுவிடவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் எந்தச் சொல்லைக் கொண்டு ஊர் நம்மை இழிவுபடுத்தியதோ அந்தச் சொல்லையே பெயராக வைத்து 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். விலையே பெயரில் இருந்தது. 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, அதைப் பற்றிய விளம்பரத்தைக் காசு கொடுத்தாலும் போட மாட்டோம் என்று மறுத்தது திலகர் தொடங்கிய 'கேசரி'. காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடக்கூட நம் பெயர் ஆகவில்லை. பாபாசாகேப் அதோடு நிற்கவில்லை. 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930இல் 'ஜனதா' என்று தொடர்ந்து இதழ் நடத்தினார். அந்தக் காலத்திலும் 'கேசரி'யைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள், அதிலேயே வாசகர் கடிதம் எழுதிப் போடலாமே என்று சொல்ல ஆள் இருந்திருக்கும்.

இந்த வரலாற்றில் நம் மேடைகளில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். 'சூரியோதயம்' தொடங்கி எத்தனையோ பெயர்கள். அவற்றில் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று நம் கையில் இல்லை. வேறு இதழ்களிலும் அரசுக் குறிப்புகளிலும் வரும் ஒரு வரியை வைத்துத்தான் அப்படி ஒன்று வந்தது என்றே தெரிந்துகொள்கிறோம். அயோத்திதாசரின் எழுத்து நமக்குக் கிடைத்ததும் நூலகங்களின் கருணையால் அல்ல. கோலார் தங்கவயல் தொழிலாளர்களும், அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் பழைய 'தமிழன்' இதழ்களைத் தங்கள் பொறுப்பில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து நூலாக்க முடிந்தது. ஒரு வீட்டுப் பெட்டி கரையானுக்குப் போயிருந்தால் தமிழ்ப் பௌத்தத்தின் ஓர் அத்தியாயமே போயிருக்கும்.

இப்போது நம் பெட்டி எங்கே இருக்கிறது? ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குழுக்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த எழுத்துகளை அந்த நிறுவனம் 2019 இறுதியில் அழித்தது. அங்கே நம் ஆட்களும் எழுதினார்கள், செய்தி தொகுத்தார்கள், சண்டை போட்டார்கள். கரையானாவது மெதுவாகத் தின்னும். இவர்கள் ஒரு அறிவிப்பு, ஒரு தேதி, அத்தோடு முடித்துவிட்டார்கள். மூடாத இடங்களிலும் நிலைமை என்ன? ஒரு வன்கொடுமைச் செய்தியைப் படத்தோடு போட்டால் ஆதிக்க சாதிக் கும்பல் ஒன்றுகூடிப் புகார் அழுத்துகிறது; பக்கம் முடங்குகிறது; யாரிடம் முறையிடுவது என்றே தெரியாது. சாதிப் பெருமைக் காணொளியும் வீச்சரிவாள் பாட்டும் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. வாடகை வீட்டில் இருப்பவனுக்குத்தான் நள்ளிரவில் காலி செய்யச் சொல்லும் தொல்லை. நமக்கு இது புதிதா என்ன.

இனி ஜாங்கோவுக்கு வருவோம். இந்தக் கருவி பிறந்ததே ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில்தான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறு நகரம். அங்கே வரும் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு' நாளிதழில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் 2003இல் இதை எழுதத் தொடங்கினார்கள். செய்தி காலையில் நடந்தால் மாலைக்குள் தளத்தில் வர வேண்டும் என்ற நெருக்கடியில் உருவான கருவி. 2005 ஜூலையில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற உரிமத்தோடு பொதுவில் வைத்தார்கள்.

பெயரைப் பாருங்கள். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயர் அது. 1910இல் பெல்ஜியத்தில் நாடோடி வண்டியில் பிறந்த ரோமா இனத்தவர். 1928இல் அந்த வண்டி தீப்பற்றியதில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கின. மிச்சமிருந்த விரல்களால் ஒரு புதிய வாசிப்பு முறையையே உருவாக்கினார். ரோமாக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள் என்பதற்கு அவர்கள் மொழியே சாட்சி. 'ரோம்' என்ற சொல்லே 'டோம்' என்பதிலிருந்து வந்தது என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். டோம் யார்? வட இந்தியாவில் இன்றும் சுடுகாட்டில் பிணம் எரிக்க நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் பட்டியல் சாதி மக்கள். ஐரோப்பாவிலும் அந்த மக்களை ஊருக்கு வெளியேதான் வைத்தார்கள். ஹிட்லரின் ஆட்சி அவர்களை லட்சக்கணக்கில் கொன்றது. பெயர் வைத்தவர்கள் இசை பிடித்துப்போய் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது உறவினர் பெயர்போலப் படுகிறது, அவ்வளவுதான். பெயரை வைத்து யாரையும் கும்பிடச் சொல்லவில்லை.

எங்கள் வாதத்தின் மையம் வேறு. தளத்தை நீங்களே கட்ட உட்காரும்போது, பிறர் கட்டிய தளத்தில் கண்ணுக்கே தெரியாத கேள்விகள் ஒவ்வொன்றாக உங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. அந்தக் கேள்விகளுக்கு வேறு யாரோ ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது.

முதல் கேள்வி பெயர். ஜாங்கோவில் பயனர் கணக்குக்கென்று தயாராக ஒரு வடிவம் இருக்கிறது. அதில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "கடைசிப் பெயர்னா என்ன போடுறதுங்க?" இந்தியாவின் பெரும்பகுதியில் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது சாதி. சர்மா என்றும் ரெட்டி என்றும் நாயர் என்றும் கூச்சமில்லாமல் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பட்டத்தை விட்டவர்கள் விட்டார்கள், சாதியை விட்டார்களா என்பது வேறு கதை. நம் பிள்ளைக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. கான்சாஸில் இருந்தவர்களுக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர்கள் ஊர் வழக்கத்தை எழுதினார்கள், அது உலக வழக்கமாகிவிட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பியே தீர வேண்டும் என்று ஜாங்கோ கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆனால் கட்டம் இருக்கும்வரை கேள்வி இருக்கும். எங்கள் பிள்ளைகள் தங்களுக்கென ஒரு பயனர் வடிவம் எழுதி, 'பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தார்கள். ஐந்தாறு வரி வேலை. வாடகைத் தளத்தில் எந்த முதலாளியிடம் மனுக் கொடுத்து இதை மாற்றுவீர்கள்?

அடுத்து, முகவரி. ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பிலிருந்தே ஒரு இணைய முகவரியைச் செய்துகொள்ளும் வசதி ஜாங்கோவில் உண்டு. 'ஸ்லக்' என்பார்கள். ஆங்கிலத் தலைப்பு கொடுத்தால் அழகாகச் செய்து தரும். தமிழ்த் தலைப்பு கொடுத்தால் வெறுமை. ஒரு எழுத்துகூட மிஞ்சாது, ஏனென்றால் ஆங்கில எழுத்தல்லாத எல்லாவற்றையும் கழித்துவிடுவதுதான் அதன் இயல்பான ஏற்பாடு. "பிற மொழி எழுத்துகளையும் அனுமதி" என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஆவணத்தைப் படித்தால் தோன்றும். சேர்த்துப் பார்த்தோம். 'கீழ்வெண்மணி' என்று கொடுத்தோம். 'கழவணமண' என்று வந்தது.

வகுப்பில் முதலில் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசையில் 44 பேரை வைத்து எரித்த ஊரின் பெயர் அது.

காரணம் எளிது. எது 'எழுத்து' என்று பைத்தானின் தேடல் விதி வைத்திருக்கும் வரையறையில் க, ழ, வ எல்லாம் எழுத்து. கொம்பும் காலும் சுழியும் புள்ளியும் எழுத்து இல்லை, வெறும் குறி. குறிகளைக் கழித்துவிடுகிறது. உயிர்மெய்யில் உயிர் போய்விடுகிறது. 'விடுதலை' என்று கொடுத்தால் 'வடதல'. இந்தி எழுத்துக்கும் இதே கதிதான். வேண்டுமென்றே செய்த வஞ்சகம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த விதியை எழுதிய மேசையில் நம்மைப்போல் எழுதுகிறவர் யாரும் இல்லை, அதனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. இந்தியாவிலிருந்து மென்பொருள் துறையில் இத்தனை லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் தலைப்பு வைக்கிறவர்கள். சேரிப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவன்தான் முதல் நாளே இதில் முட்டிக்கொள்கிறான்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு வழி பார்த்தார்கள். கட்டுரைக்கு எண் கொடுத்து அந்த எண்ணையே முகவரியாக்குவது ஒன்று. தமிழ்க் குறிகளையும் சேர்த்துக்கொள்ளும்படி நாமே ஒரு விதி எழுதிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தார்கள். இப்போது எங்கள் தளத்தில் கீழ்வெண்மணி கீழ்வெண்மணியாகவே இருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் எங்களை நீண்ட நேரம் உட்கார வைத்தது. கட்டுரையையும் அதை எழுதியவரையும் இணைக்கும் வரியை எழுதும்போது, 2017இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து ஜாங்கோ ஒரு பதிலைக் கட்டாயமாகக் கேட்கிறது: இந்த ஆளை நீக்கினால் அவர் எழுதியதை என்ன செய்ய? பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இருக்கும் பதில் 'காஸ்கேட்'. ஆளோடு சேர்த்து எழுத்தையும் அழித்துவிடு என்று பொருள். கற்றுக்கொள்கிறவர்கள் அதை அப்படியே படியெடுக்கிறார்கள். வேறு பதில்களும் உண்டு. எழுத்து இருக்கும்வரை ஆளை நீக்க விடாதே என்று சொல்லலாம். ஆள் போனாலும் எழுத்து நிற்கட்டும், பெயர் இடம் காலியாகட்டும் என்றும் சொல்லலாம்.

இதை வைத்து அன்று மாலை நடந்த விவாதம் எந்தக் கருத்தரங்கிலும் நாங்கள் கேட்டிராதது. சாட்சி சொன்னவர் மிரட்டப்பட்டுத் தன் பெயரை எடுக்கச் சொன்னால்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாட்சிகளின் உரிமைக்கென்று தனி அத்தியாயமே 2015 திருத்தத்தில் வந்தது. சட்டத்தில் இருப்பது ஊரில் இருக்கிறதா? அமைப்பிலிருந்து விலகிப் போனவர் கோபத்தில் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால்? எழுதியவர் இறந்துபோனால்? கடைசியில் பெயரை எடுக்கும் உரிமை எழுதியவருக்கு, பதிவு மட்டும் நிற்கும் என்று முடிவு செய்தார்கள். இதற்கு மறுப்பு சொன்னவர்களும் இருந்தார்கள், அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் முடிவெடுத்தது யார்? பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அவர்கள் பாட்டன்மார் கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை வேறு யாரோதான் முடிவு செய்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். "தொழில்நுட்பத்துக்குச் சாதி தெரியாது, எதிலும் சாதியைக் கொண்டுவராதீர்கள்." சாதியை நாங்களா கொண்டு வந்தோம்? 2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிபோர்னியா மாநில அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. 2022இல் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசவிருந்த உரை உள்ளிருந்து வந்த எதிர்ப்பால் ரத்தானது. தகுதி, திறமை என்று முழங்குகிற துறை சாதியைப் பற்றி ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்கக்கூடத் தயாராக இல்லை.

சொற்களை மாற்ற முடியும் என்பதற்கும் இந்தக் கருவியிலேயே சான்று இருக்கிறது. தரவுத்தளங்களில் ஒன்று ஆணையிட மற்றது அதன்படி நடக்கும் ஏற்பாட்டை எஜமான், அடிமை என்றே பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2014இல் ஜாங்கோ தன் ஆவணங்களிலிருந்து அந்தச் சொற்களை எடுத்துவிட்டு முதன்மை, நகல் என்ற பொருள் தரும் சொற்களைப் போட்டது. கேலி செய்தவர்கள் ஏராளம். கேலி ஓய்ந்தது, சொல் நின்றது. யாரோ ஒருவர் அந்த மேசைக்குப் போய் "இது உறுத்துகிறது" என்று சொன்னதால் நடந்தது அது. ஸ்லக்கில் தமிழுக்கு உயிர் வேண்டும் என்று சொல்லவும் அந்த மேசைக்கு யாராவது போக வேண்டும். நம் பிள்ளை போகட்டும் என்கிறோம்.

சொந்தத் தளம் இருந்தால் எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்று நாங்கள் ஏமாற்ற மாட்டோம். சர்வர் யாரோ ஒரு நிறுவனத்துடையதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி அரசு ஒரு தளத்தை முடக்கலாம். சர்வர் தன் போக்கில் விட்டால் வந்து போகிறவர்களின் இணைய எண்ணையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும். அதை நிறுத்தத் தெரியாதவர்கள் தங்கள் வாசகரையே காட்டிக்கொடுக்கக்கூடும். பிழைச் செய்திகளை விவரமாகக் காட்டும் 'டீபக்' வசதியை அணைக்காமல் தளத்தை வெளியே விட்டால் வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட கதை. இவை பதினைந்து நிமிடத்தில் வராது. எங்கள் வகுப்பில் மூன்று மாதம் ஆகிறது. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவர்கள், இரண்டு பேருக்கு ஒரு பழைய மடிக்கணினி. பதினைந்து நிமிடக்காரருக்கு மின்சாரம் போயிருக்காது.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதற்காகவே இத்தனையும். ஜாங்கோ தொடக்கத்தில் தருகிற எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒரே ஒரு கோப்பு. ஐந்து ஆண்டுக் கட்டுரைகள், களஆய்வு அறிக்கைகள், சாட்சியங்கள் எல்லாம் அந்த ஒரு கோப்பில். படங்கள் பக்கத்தில் ஒரு கோப்புறையில். பென் டிரைவில் அடங்கும். சர்வரை முடக்கினால் இன்னொரு சர்வரில் மறுநாள் ஏற்றலாம். ஃபேஸ்புக் பக்கம் முடக்கப்பட்டால் உங்கள் கையில் எது இருக்கும்? வாடகைத் தளங்களில் எழுத வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூட்டம் அங்கே இருக்கிறது, துண்டறிக்கையை அங்கே கொடுங்கள். மூலப்பிரதி நம் வீட்டில் இருக்கட்டும். செலவு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்; ஒரு ஃபிளெக்ஸ் பேனருக்கு நாம் செய்வதைவிடப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

தெருவில் நிற்பதை விட்டுவிட்டா இதைச் செய்கிறோம் என்று கேட்ட தோழர்களுக்கு: தெருவில் நின்றதற்கான சாட்சியம் எங்கே என்று கேளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் நாம் நடத்திய போராட்டங்களின் துண்டறிக்கை எத்தனை பேரிடம் இருக்கிறது? உண்மை அறியும் குழு அறிக்கைகள் யார் வீட்டுப் பரணில்? நீதிமன்றத்தில் பத்து ஆண்டு இழுத்த வழக்கில் நம் பக்கம் பேச நம்மிடமே தாள் இல்லாமல் போயிருக்கிறதா இல்லையா?

வகுப்பு முடித்த பிள்ளைகள் இப்போது பழைய துண்டறிக்கைகளையும் குழு அறிக்கைகளையும் படமெடுத்து, தட்டச்சு செய்து, தளத்தில் ஏற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். கோப்பின் நகல் ஐந்து ஊர்ப் படிப்பகங்களில் இருக்கும், மாதம் ஒருமுறை மாற்றப்படும். உங்கள் வீட்டில் இருப்பதைக் கொடுத்தனுப்புங்கள். படமெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுத்துவிட்டால் நல்லது, பரண்கள் ஒழுகும்.